சொந்த விருப்பத்தின் பேரில்

திருமங்கலத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுக்களும் டைப் அடித்துக் கொடுப்பேன். கோச்சடையில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் ஒருநாள் காலையில் கடைக்கு வந்தார். இலங்கை அகதி முகாமில் இருப்பவர். ஒன்பது வயதில் அம்மாவோடு படகில் வந்து சேர்ந்தவர். கல்யாணம், மகள் எல்லாம் இங்கேதான்.

வளைகுடாவில் வேலைக்குப் போகலாமென்று ஏஜெண்ட் மூலம் இந்திய பாஸ்போர்ட் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பூட்டிய சிறப்பு முகாமில் கிடக்கிறாயா, இலங்கைக்கே போகிறாயா என்று விசாரித்த அதிகாரி கேட்டிருக்கிறார்.

“விரும்பித்தான் போறன் எண்டு எழுதித் தரட்டாம், அக்கா,” என்றார்.

“நெசமாவே போகப் பிரியமாண்ணே?”

“அங்க எனக்கு ஆர் இருக்கினம்? உள்ள போட்டா எப்ப விடுவினமெண்டு தெரியாது. நீங்க அடியுங்கோ.”

இரண்டு கடை தள்ளி ஒரு வக்கீல் இருந்தார். முகாம் ஆட்களுக்காக மதுரை ஹைகோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் அங்கே நடந்தே போயிருப்பார். அன்றைக்கு வாரிசு சான்றிதழுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பின்னாலிருந்து ஒருவர், “இன்னும் எம்புட்டு நேரம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று அடித்தேன். வற்புறுத்தலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மனுவென்றால் அப்படி எழுதுவது என் பழக்கம்.

அவரை இலங்கைக்கு அனுப்பி மூன்று வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். அங்கே ஏர்போர்ட்டிலேயே பிடித்துவிட்டார்களாம். அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனதாக வழக்கு. அந்த ஒன்பது வயதில் போனதற்கு. கோர்ட்டில் விட்டுவிட்டார்கள், ஆனால் இங்கே திரும்பி வர வழியில்லை.

அந்த அம்மாவை வக்கீலிடம் கூட்டிப்போனேன். நான் அடித்த கடிதத்தின் நகலை வக்கீல் இரண்டு தடவை படித்தார்.

“வற்புறுத்தல் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரே. கட்டாயப்படுத்தி அனுப்பினாங்கன்னு இனி எப்படிச் சொல்றது?”

“அந்த வரி நான் எழுதினது சார்.”

“கையெழுத்து அவரோடதுதானேம்மா.”

அந்த வரி என்னுடையது என்று நானே பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. கோர்ட் வாசலில் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அவரும் வாசிச்சுப் பாத்துத்தான் ஒப்பம் வச்சவர், அக்கா,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

இப்போது அவர் கணவர் மன்னாரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் கொட்டகையில் இருக்கிறார். மகள் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த என் பக்கம் போனைத் திருப்பினார்கள். “சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.