கை செய்ததும் கால் செய்ததும்

லிங்கி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அர்ச்சுனன் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி எண்ணெய் ஆலைக்குப் போவதும் வெறும் வண்டியோடு திரும்புவதுமாக அவருடைய நல்ல வயதெல்லாம் கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகு, தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் சின்ன வீடு ஒன்றில் மனைவி பஞ்சாலையோடு இருந்தார். ஒரே மகள் ஷாமினி கல்யாணமாகி அம்பாங்கானில் குடியிருந்தாள்.

இனிப்பு நீர் நோய் அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் போர்ட்டிக்சனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கோப்பிக் கடையில் யாராவது கேட்டால் சட்டைக் கையை மேலேற்றி, ஊசி குத்திக் குத்திக் கயிறு போலப் புடைத்துவிட்ட நரம்பைக் காட்டுவார். தொட்டுப் பார்க்கவும் சொல்வார்.

சொல்ல வெட்கப்பட்டது கால்களைப் பற்றித்தான்.

பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்கும். அதை வலி என்று சொல்ல முடியாது. கெண்டைக்கால் எலும்புக்குள் யாரோ சோடாவை ஊற்றிவிட்டது போல ஒரு நுரைப்பு. காலை அசைத்தால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி பொங்கும். சின்ன வயதில் அவர் உட்கார்ந்து காலாட்டினால் அவருடைய அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். “கால ஆட்டுற வீட்டுல லெச்சுமி தங்கமாட்டாடா” என்பாள். இப்போது தலை நரைத்த வயதில் நாலு பேர் முன்னால் கால் தானாக ஆடியது. ஒரு நிச்சயதார்த்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தவிப்பைப் பார்த்துவிட்டு, “கக்கூஸ் அந்தப் பக்கம் இருக்குண்ணே” என்று மெதுவாகக் கைகாட்டினார். சிரித்துக்கொண்டே எழுந்து அந்தப் பக்கம் போனார் அர்ச்சுனன். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சாயங்கால விசேஷங்களுக்குப் பஞ்சாலை மட்டும்தான் போனாள்.

படுத்தால் இன்னும் மோசம். தைலம் தேய்த்துப் பார்த்தார். குளியலறையில் பச்சைத் தண்ணீரை முழங்காலுக்குக் கீழே மொண்டு மொண்டு ஊற்றிப் பார்த்தார். துண்டால் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தார், ஆடு மாதிரி இருக்கிறோமே என்று நினைத்து அவரே அவிழ்த்துப் போட்டார். நடந்தால்தான் நிம்மதி. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்து, விடியும் சமயத்தில் களைத்து விழுவார். தூக்கத்திலும் கால்கள் சும்மா இருக்கவில்லை. விலுக் விலுக்கென்று உதைத்தன. அது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த பஞ்சாலைக்குத் தெரியும். அவளுடைய முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. பாவாடை மறைத்துவிடும் என்பதால் அவள் சொல்லவில்லை.

ஒருநாள் அவர் படும் பாட்டைப் பார்க்கமுடியாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கால்களை அமுக்கிவிட்டாள். அமுக்க அமுக்க அவருக்குக் கண் சொக்கியது. அவளும் அங்கேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவருடைய குதிகால் அவளுடைய கண்ணுக்குக் கீழே இடித்த சத்தத்தில்தான் இருவரும் விழித்தார்கள்.

காலையில் அவளுடைய கன்னம் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அர்ச்சுனன் அந்த முகத்தைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீக்கத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அதே இடம், அதே நிறம்.

தோட்டத்துக்குள்ளேயே, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்த காலத்தில் அவர் பஞ்சாலையை அடித்தவர். சம்பள நாளில் குடித்துவிட்டு வந்து அடிப்பார், சில சமயம் குடிக்காமலும் அடித்திருக்கிறார். சோறு ஆறியிருந்தது, பேச்சுக்குப் பதில் வந்தது, பதிலே வரவில்லை, எதுவும் காரணமாக இருந்தது. ஷாமினி இடைநிலைப் பள்ளிக்குப் போன வருடம் ஒருநாள், பள்ளிச் சீருடையோடு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. தோளில் புத்தகப் பையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓங்கிய கை இறங்கவில்லை. அதன் பிறகு அவர் அடித்ததே இல்லை. குடியையும் மெல்ல மெல்ல விட்டார். ஆனால் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நிறுத்திவிட்டோம், அது போதாதா என்று இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பஞ்சாலையின் முகத்தை மயிலம்மாள் பார்த்தாள். லயத்தில் அடுத்த வீட்டில் இருந்தவள் அவள், இப்போது தாமானிலும் பக்கத்து வீடுதான். நடுவில் இருந்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டவள்.

“என்னாடி இது?”

“அவரு கால் பட்டுருச்சுக்கா. தூக்கத்துல.”

“காலா?” மயிலம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஷாமினிக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி ஓட்டிவந்த காடி வாசலில் வந்து நின்றது. அவள் செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே வந்து அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“துணி எடுத்துக்கம்மா. கெளம்பு.”

“ஏய், இருடி. அப்பாவுக்குக் கால் ஒரு மாதிரி ஆவுது. தூங்கறப்ப ஒதைக்குது. அவருக்கே தெரியாதுலா.”

“அப்ப கதவு இடிச்சிருச்சுன்னு சொன்ன. கொழாயடியில வழுக்கிருச்சுன்னு சொன்ன. இப்ப காலு. நான் இன்னும் சின்னப் பிள்ளன்னு நெனச்சியா?” பிறகு அப்பாவைப் பார்த்தாள். “இந்த வயசுலயுமாப்பா?”

அர்ச்சுனனுக்குச் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. நான் அடிக்கவில்லை, உன் அம்மா சொல்வது நிஜம். இரண்டே வாக்கியம்தான். வாயைத் திறந்தார். முன்பு ஒருநாள் புத்தகப் பையோடு நின்றவளின் அதே கண்கள் அவரைப் பார்த்தன. வாயை மூடிக்கொண்டார். தலை குனிந்தார். குற்றவாளி குனிவது போலத்தான் அது இருந்தது என்பது அவருக்கும் தெரிந்தது.

பஞ்சாலை காடியில் ஏறும்போது, “மருந்து பச்ச டப்பாவுல இருக்கு. உப்பு போடாதீங்க” என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி துணியை உதற ஆரம்பித்தாள்.

தனியாக இருந்த நாட்களில் அர்ச்சுனன் கடைப் பக்கம் போகவில்லை. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பு வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பும் குழம்புக் கிண்ணம் எதுவும் அவர் வாசலுக்கு வரவில்லை. கஞ்சியும் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவுமாகக் காலம் தள்ளினார். கால்கள் முன்னைவிட அதிகமாக ஆடின. ஒருநாள் நடுக் கூடத்தில் நின்றுகொண்டு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இந்தக் கைகள் அடித்தபோது லயமே கேட்டும் யாரும் மாமனாருக்குக்கூடச் சொல்லவில்லை. இப்போது அடிக்காததற்கு மாட்டிக்கொண்டேன் என்று ஒரு கணம் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அந்தக் கோபத்தை நினைத்துக் கூசினார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நாலு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்திருக்க வேண்டும். கையில் இரண்டு ஊசி, ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும், எழுந்து நடக்க முடியாது. கால் பொங்க ஆரம்பித்தால் நரகம். அதனால் அவர் வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஏதாவது பொய் சொல்லிச் சீக்கிரமே கழற்றச் சொல்வார். பஞ்சாலை கூட வரும்போது அதட்டிப் படுக்கவைப்பாள். அவள் இல்லாமல் போனதும் எந்த நாளும் அவர் முழு நேரம் இருக்கவில்லை. அங்கிருந்த தாதி, மிஸி ஹுமைராவுக்குக் கவலை வந்துவிட்டது. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் அவள், வாய்நிறையத் தமிழ் பேசுவாள். அவள் ஷாமினியைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, அங்கிள் முழுசா செய்யறதே இல்ல. இப்படியே போனா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். வீட்டு ஆளு யாராச்சும் வந்து பேசுங்க.”

ஷாமினிக்கு வர விருப்பமில்லை. பஞ்சாலைதான் விடவில்லை. “அவர் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். போய்ப் பாத்துட்டு வந்து கோவப்படு” என்றாள்.

ஷாமினி போனபோது மதியம் தாண்டியிருந்தது. அர்ச்சுனன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பு பார்த்ததைவிட முகம் சின்னதாகிவிட்டது போல அவளுக்குத் தோன்றியது. எழுப்பலாமா என்று கையை நீட்டியபோது அவருடைய வலது கால் போர்வையோடு துள்ளி விழுந்தது. பெருவிரல் விறைத்து நின்றது, முழங்கால் மடங்கியது, கால் படாரென்று நீண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. பிறகு இடது கால். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, குறட்டைகூட மாறவில்லை. மூன்றாவது தடவை கால்மாட்டில் இருந்த பிளாஸ்டிக் தட்டு பறந்து ஷாமினியின் காலடியில் விழுந்தது.

ஹுமைரா வந்து தட்டை எடுத்தாள். “இது கிட்னி ஆளுங்களுக்கு நெறைய வரும்க்கா. கால் அடங்காது. ரத்தத்துல இரும்புச்சத்து கொறஞ்சாலும் வரும். பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் பாவம், நல்லா அடி படும். ஒரு பாட்டிக்கு பல்லே ஒடஞ்சிருச்சு. ஆனா வாய் தொறந்து சொல்லமாட்டாங்க. வெக்கம். சொன்னா டாக்டர் மருந்து குடுப்பாரு. அங்கிள் சொல்லவே இல்லையே?”

ஷாமினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா விழிக்கும்வரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழித்ததும் அவர் செய்த முதல் காரியம், போர்வையை இழுத்துக் கால்களை மூடியது.

“ஏம்ப்பா அன்னைக்கி ஒன்னுமே சொல்லல?”

“ஒங்கம்மா சொன்னாளே.”

“நீங்க சொல்லலையே.”

அர்ச்சுனன் கூரையைப் பார்த்தார். “சொன்னா நம்பியிருப்பியா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “மாட்டேன்.”

“நம்பக் கூடாது. நீ கண்ணால பாத்தவ.” மறுபடி கூரையைப் பார்த்தார். “நான் அடிக்கலன்னு சொல்ல எனக்கு என்னாம்மா வாய் இருக்கு?”

ஷாமினி அவரைத் தேற்றவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதத்தை மூடிவிட்டாள். அன்று அவர் முழு நேரமும் படுத்திருந்தார். கால் பொங்கியபோது அவள் எழுந்து கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இரும்புச்சத்து குறைவாகத்தான் இருந்தது. அதற்கு ஊசி, படுக்கும் முன் ஒரு சின்ன மாத்திரை, சாயங்காலக் கோப்பியை நிறுத்த வேண்டும், நேரத்துக்கு முன்னால் எழுந்து ஓடக்கூடாது. மாதம் ஒன்று போவதற்குள் நல்ல மாற்றம் தெரிந்தது. அடியோடு போகவில்லை. வாரத்தில் இரண்டொரு நாள் இன்னமும் கூடத்தில் நடந்தார். மற்ற நாட்களில் தூங்கினார்.

பஞ்சாலையைக் கொண்டுவந்து விட்ட அன்று ஷாமினி வேலிப் பக்கம் பார்த்தபடி, “நான் மயிலம்மா ஆண்டிகிட்ட போய் நெசத்த சொல்லிட்டு வரேன்” என்றாள்.

“அப்பவே நான் சொன்னேன்லா” என்றாள் பஞ்சாலை. “நெசமா அடி வாங்குனப்ப வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன், ஊரே நம்புன மாதிரி இருந்துச்சு. நெசத்த சொன்னப்பதான் ஒருத்தரும் நம்பல.”

அர்ச்சுனன் எழுந்தார். “நான் போறேன்” என்றார்.

மயிலம்மாள் வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். காலைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார். சொல்ல வாயெடுத்தபோது அது தனக்காகச் சொல்வது போல இருந்தது.

“ஷாமினிக்கு போன் பண்ணியே, அதுல எனக்கு வருத்தம் இல்ல. இனியும் அவ மொகத்துல எதாச்சும் பாத்தா போன் பண்ணு. என்னா ஏதுன்னு யோசிக்காத.”

மயிலம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். “பண்ணுவேன்” என்றாள். பூண்டை உரித்தாள். மறுநாளோ அடுத்த வாரமோ அவள் குழம்பு கொடுத்தனுப்பவில்லை. கோயிலில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தாள். கோப்பிக் கடையில் கேட்டுவந்த கணவர் மூலமாகக் கால் விஷயம் நிஜம்தான் என்று அவளுக்குத் தெரியவந்தது, ஆனால் அவள் பழையதை மறந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மகள் போனதும் பஞ்சாலை அடுப்படியில் கீரை ஆய உட்கார்ந்தாள். அர்ச்சுனன் எதிரில் வந்து உட்கார்ந்தார். கால் ஆட ஆரம்பித்தது. அவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“லயத்துல இருந்தப்ப ஒன்ன நான் அடிச்சது… மன்னிச்சிரு பஞ்சாலை.”

அவள் கை நிற்கவில்லை. தண்டைக் கிள்ளி ஒருபுறமும் இலையை ஒருபுறமும் போட்டுக்கொண்டிருந்தாள். “கீரைய அலசணும். அந்தச் சட்டிய எடுங்க” என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

கூடத்தில் தனக்கு ஒரு கட்டில் போட்டுக்கொண்டார் அர்ச்சுனன். பஞ்சாலை அறைக்குள் கை கால் நீட்டிப் படுத்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அப்படிப் படுத்தது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு மகளிடம் சொன்னாள்.

சில வாரம் கழித்து, இருவரும் காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது, பஞ்சாலை கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கி கீரை ஆயறப்ப ஒன்னு சொன்னீங்களே.”

“ம்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

அர்ச்சுனன் அவளைப் பார்த்தார். முதல் தடவை கீரைக்கட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இப்போது அவள் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம் முழுதாக வடிந்திருந்தது. அவர் மறுபடியும் சொன்னார்.