காப்புறுதி மிஸ்ஸும் சுடுதண்ணீரும்

களப்போரத்தில் இருக்கும் எங்கள் ஊர் எத்தாளைக்குக் காப்புறுதி விற்க வந்த அந்தப் பெண்ணை ‘மிஸ்’ என்றே கூப்பிடுவோம். அவர் என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார். வெயிலில் கறுத்த முகம். பல வருடங்களாக வீடு வீடாக விற்று, தன் கிளையில் முதலிடம் பிடித்தவர். அவருடைய பையில் படிவங்களோடு ஒரு தொலைநோக்கியும் மீன்களைப் பற்றிய சிங்களப் புத்தகமும் கெரம் ஸ்ட்ரைக்கரும் கிடக்கும். எதையும் விற்குமுன் பறவையைப் பற்றியோ மீனைப் பற்றியோ விசாரிப்பார். அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். படிவம் வெளியே வந்தால் மட்டும் “பிறகு பாப்பம்” என்று நழுவிவிடுவேன்.

அன்றும் வாசலில் கதைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு முன்னால் களப்புத் தண்ணீரில் இறங்கிய என் மகள் திருக்கை மீனை மிதித்துவிட்டாள். முள் ஏறிய காலோடு அவள் அலறியது இன்னும் என் காதில் கேட்கிறது. நான் ஐஸ் எடுக்க ஓடினேன்.

“ஐஸ் வேணாம் நானா! சுடுதண்ணி கொண்டாங்க! திருக்கை விஷத்துக்குச் சூடுதான் சரி!” என்றார் மிஸ்.

மிஸ் முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகே மகளின் காலை வாளிக்குள் வைத்தார். அலறல் மெல்ல விம்மலாகக் குறைந்தது.

மகளுக்கு உள்ளே மருந்து கட்ட, நாங்கள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, “படிவத்தத் தாங்க மிஸ், இப்பவே சைன் வெக்கிறேன்” என்றேன்.

“இப்ப வேணாம் நானா. பயந்துபோன ஆளுக்கு நான் விக்கிறதில்ல. பிள்ளை ஓடித் திரியட்டும், அப்ப வாறன். நீங்க அப்பவும் நழுவத்தான் போறீங்க!”

அந்நேரம் அவருடைய மேலதிகாரி தொலைபேசியில் அன்றைய விற்பனையைக் கேட்டார்.

“இண்டைக்கு ஒண்டுமில்ல, சேர்” என்றார் மிஸ்.

தங்கள் வெற்றியைச் சொன்ன எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். ஒருவரும் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னதில்லை.