பந்தல்குடியில் எனக்குப் போட்ட நாற்காலி

ஆறு மாதமாக என் பொறுப்பில் இருக்கும் கம்பெனி மசாலாப்பொடி விற்பனை படுத்துக் கிடந்தது. போன மாதம்தான் ஆபீஸை விட்டு எழுந்து, பழையபடி நானே கடை கடையாக ஏறத் தொடங்கினேன். ஆர்டர் வந்தது. வேலை தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

இன்று பந்தல்குடி. பன்னிரண்டு வருடமாக என்னை நிற்கவைத்தே ஆர்டர் சொல்லும் மளிகைக்கடை அண்ணாச்சி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி. டீ சொல்லவா?"

"என்னண்ணாச்சி, புதுசா இருக்கு?"

"நேத்து ஒங்க கம்பெனியில இருந்து ரெண்டு பேரு வந்தாக. நீங்க போற கடையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாக. இனிமே ஆர்டர் எடுக்க அவுகதான் வருவாகளாம்." கொஞ்சம் தயங்கினார். "ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாக."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்து பாளையம்பட்டி. நான் வண்டியை நிறுத்தும்போதே, அங்கும் என்னை நிற்கவைத்தே அனுப்பும் கடைக்காரர் உள்ளேயிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வண்டியிலிருந்து இன்னும் இறங்கவில்லை. போய் உட்காரவா, இப்படியே திரும்பிவிடவா? யாராவது சொல்லுங்கள்.