சிவப்பு போன பிறகும் சூடு

எண்ணெய்த் தொட்டி ஒன்று எரிந்தால் பக்கத்தில் இருக்கும் அனல் அதை என்ன செய்யும் என்று சோதிக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. இரும்புத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்த வேண்டும். சுற்றிலும் மின்சாரத்தில் சூடேறும் பலகைகள் சிவந்து நிற்கும். அந்த அனல் பட்டால் டீசல் வேகமாக ஆவியாகும், தீ உயரும், தட்டு சீக்கிரம் காலியாகும். வீட்டில் அவருக்குக் கொள்ளி என்று பெயர். வைத்தது மாமியார்.

ஒருநாள் சோதனை முடிந்ததும் பலகைகளை நிறுத்தினார். சிவப்பு மங்கியது, சூடு மங்கவில்லை. ஆறும்வரை காத்திருக்கச் சலித்து, புது டீசலை ஊற்றிவிட்டார். கொளுத்துவதற்குள் ஆவி கிளம்பி நின்றது. கொளுத்தியதும் தீ கை வரை வந்தது.

நான் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். புண் ஆறியிருந்தது. ஆனால் தோல் இறுகி, வலது கை விரல்கள் மடங்கிக்கொண்டே வந்தன. தினமும் நீட்டாவிட்டால் அப்படியே நின்றுவிடும். அவருக்கும் தெரியும்.

“நாளைக்குப் பாக்கலாம்மா. இன்னைக்கு முடியல.”

“நேத்தும் இதையேதான் தம்பி சொன்னீங்க.”

“ராத்திரி பூரா அரிப்பு. தூக்கமே இல்ல.”

“நான் மட்டும் தூங்கினேனா?” வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். “நீங்க கைய சொறிஞ்சீங்க, நான் தலைய சொறிஞ்சேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“காலைல உங்களுக்குப் பொத்தான் போட்டு, ஊட்டிவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுறேன். ஆயுசு பூரா ஓட முடியாதுங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அவர் வலது கையை மேசைமேல் வைத்தார்.

“புடிங்கம்மா. நான் கத்தினா காதுல போட்டுக்காதீங்க.”

களிம்பு தடவி, ஆள்காட்டி விரலை மெல்ல அழுத்தினேன். கத்தினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மெதுவா கத்துங்க கொள்ளி, தெருவே வந்துடும்,” என்று மனைவி மேசையில் தலை சாய்த்தாள்.

நடுவிரல் பாதி நீண்டபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். அவர் அதைப் பார்த்தார். துண்டை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டு, அடுத்த விரலை என் பக்கம் நகர்த்தினார்.