உப்புப் பாறையில் நின்ற காதர்

குருபரப்பள்ளியிலிருந்து வந்த லாரிக்காரர் எங்கள் வனத்துறை செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, "உங்க காதர் பாய் போயிட்டாருங்க. காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனாங்களாம், தூக்கத்துலயே அடங்கிட்டாரு" என்றார். கண் கலங்கிவிட்டது. கூடவே, தவறாக நினைக்காதீர்கள், ஓர் ஆறுதலும் வந்தது. யானைக் காட்டில் அலைந்தவன், பாஷாணத்தைக் கையாண்டவன், நோகாமல் படுக்கையில் போனான். சானமா காட்டில் அவனோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

காதரும் நானும் ஒன்றாகப் பாரஸ்டர் வேலைக்கு வந்தவர்கள். அவன் சரியான வாயாடி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சரளமாகத் திட்டுவான். எதிரே யானை நின்றாலும் தன் தொண்டையைத்தான் நம்புவான். அந்தத் தொண்டையே ஒரு நாள் அவன் காலை வாரிவிட்டது.

புதிதாக நட்ட வேங்கைக் கன்றுகளை உண்ணிச்செடி மூடிக்கொண்டிருந்த சமயம் அது. வெட்ட வெட்டத் துளிர்த்தது. மேலிடத்திலிருந்து களைக்கொல்லி டிரம்கள் வந்து இறங்கின. பாஷாண மருந்து. உப்புக் கரிக்கும், மாடு விரும்பி நக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் தெளித்த இடத்தைச் சுற்றி ஒழுங்காக முள் அடைத்தோம். மருந்தைத் தண்ணீரில் கலக்கிய இடத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை. பாதையோரம் வாகாக இருந்த ஒரு தட்டைப் பாறையைக் காதர்தான் அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தான். அங்கே சிந்தியது வெயிலில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

பிற்பகல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். காட்டில் மாட்டுப் பட்டி போட்டிருந்த திம்மக்கா தலையில் மூட்டையோடு வந்தாள்.

"என்ன திம்மக்கா, சந்தையில கொள்முதல் பலமா?" என்று காதர் சீண்டினான்.

"உப்பு பாய். சந்தை நாளுன்னா மாடுங்களுக்குத் தெரியும். நான் போறதுக்குள்ள நான் உப்பு வெக்கிற அந்தத் தட்டப் பாறைக்குப் போயி நின்னுக்கும்."

காதர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன்.

நாங்கள் போனபோது மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு செவலைப் பசு மட்டும் முன்னதாக வந்து பாறை ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றது. காதர் அதைத் தள்ளிவிட்டுப் பாறைமேல் ஏறி, இரு கையையும் வீசி, "ஹோ! ஹோ!" என்று கத்தினான். மாடுகள் நிற்கவில்லை. கத்தக் கத்த வேகமாக வந்தன. திம்மக்கா உப்பு வைக்கும்போது அந்தப் பாறையில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாள். அது உறைத்ததும் சட்டென்று வாயை மூடினான். குதித்து இறங்கி, தொலைவில் இருந்த புளியமரத்தடிக்கு ஓடி, அங்கிருந்து மறுபடி கூவினான்.

மொத்தப் பட்டியும் திரும்பி அவனைச் சூழ்ந்தது. உப்பு இல்லாததால் அவன் காக்கிச் சட்டை வியர்வையை நக்கின. மூட்டையோடு திம்மக்கா வந்து சேரும்வரை கூச்சத்தில் நெளிந்துகொண்டு நின்றான். நான் பாறையைக் காத்து நின்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நடந்ததை அவளிடம் அவனே சொன்னான். "பாறையில உப்பு வெக்கிறவளக் கேட்டுட்டுல்ல பாய் வெஷம் வெக்கணும்? செவல சினையா இருக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பாறையைச் சுரண்டி, மண்ணையும் வெட்டி எடுத்து, ஆழமாகப் புதைத்து முள் போட்டோம். செவலை நக்கியதா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை. காதர் வீட்டுக்குப் போகவில்லை. விஷம் ஏறிய மாடு அசை போடாது என்பதால், பட்டியிலேயே அதன் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மறுநாள் விடிந்து நான் போனபோது மூன்று மொழியிலும் ஏதேதோ கத்திவிட்டு என் பெயரைக் கூவினான்: "மாணிக்கம்! அசை போடுதுடா!"

அதன்பிறகும் மருந்து தெளித்தோம். வேங்கையும் தலை தூக்கியது. ஆனால் மாடு மேய்ப்பவர்களைக் கூட்டி வந்து இடத்தைக் காட்டாமல் அவன் டிரம்மைத் திறந்ததில்லை. "மருந்துக்குச் செடி எது, பசு எதுன்னு தெரியாது. நமக்குத்தான் தெரியணும்" என்பான். அவன் ஓய்வு பெற்ற பிறகும், நான் பார்க்கப் போனால் அவனது முதல் கேள்வி இதுதான்: "திம்மக்கா மாடெல்லாம் அசை போடுதா?"

அவனிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. எந்த மாட்டைக் கண்டாலும் முதலில் அதன் தாடையைத்தான் பார்க்கிறேன். அடக்கம் முடிந்து திரும்பும்போது புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். திம்மக்காவின் மாடுகள் படுத்திருந்தன. செவலையும் அதன் கன்றுகளும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வாய்விட்டே சொன்னேன்: "எல்லாம் அசை போடுது காதர். நீ தூங்கு."