பழசைக் குடுத்துப் புதுசு

எங்கள் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, உழவு இயந்திரம் திருத்துகிறவர். அந்தத் துணிச்சலில்தான் ஒருநாள் எங்கள் லப்டொப்பையும் குசினி மேசையில் கவிழ்த்துப் போட்டார். என்னுடைய கார்ட்டூன்களும் அவருடைய சண்டைப் படங்களும் நிறைந்து, இடமில்லை இடமில்லை என்று அது புலம்பிக்கொண்டிருந்த காலம். பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிப் பூட்டினால் சரி என்றார் மாமா. பழையதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்.

அதற்குள்ளேதான் அம்மாவின் கலியாணப் படங்களும் இருந்தன. எங்கள் அல்பங்கள் போரில் நாங்கள் இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டன. முன்பு கனடாவுக்குத் தபாலில் அனுப்பிய பிரதிகளைப் பெரியம்மா ஸ்கான் பண்ணி, அந்த லப்டொப்பில் போட்டு அனுப்பியிருந்தா. பிறகு வீடு மாறியதில் அவாவிடமிருந்தவையும் தொலைந்தன. அப்பாவின் முகம் எனக்குத் தெரிந்ததே அந்தத் திரையில்தான்.

மத்தியானம் மாமா சிரித்த முகத்தோடு வந்து புதியதைப் பூட்டி, லப்டொப்பை இயக்கும் ஆளியை அமத்தினார். கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்ததோடு சரி.

"படங்கள் எங்கையடா?" என்றா அம்மா.

உழவு இயந்திரத்துக்குப் புதுப் பற்றரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலை குறைப்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாமா அதையே இங்கும் செய்துவிட்டு வந்திருந்தார்.

"பழசைக் குடுத்தால்தானே அக்கா..." என்று இழுத்தார்.

"அட அறுவானே! என்ரை மனிசன்ரை முகத்தையெல்லோ குடுத்திட்டு வந்து நிக்கிறாய்!"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. லப்டொப்பைத் தூக்கிப் பையில் வைத்தார், மோட்டார் சைக்கிளை உதைத்தார், ஓமந்தை வழியே திரும்பவும் வவுனியாவுக்குப் புழுதி கிளம்பப் பறந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தா. நானோ, வெட்கக்கேடு, கார்ட்டூன் போய்விட்டதே என்று குழறி அழுதேன்.

பொழுது படுகிற நேரம் மாமா வந்தார். கடைக்காரர் அதிலுள்ளவற்றை அழித்து விற்பதற்காக வேறொரு கணினியில் மாட்டியே விட்டாராம். மாமா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்தி, எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும்வரை அங்கேயே காவல் நின்றிருக்கிறார்.

அம்மா முதலில் மணவறைப் படத்தைத் திறந்தா. அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக, பெரிய தலைப்பாவுக்குக் கீழே ஒல்லிப் பெடியனாக மாமா.

"இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்கோ அக்கா," என்றார் மாமா. பெரிதாக்கியதும், "இன்னும்," என்றார்.

"மாமாவுக்குத் தன்ரை வடிவைப் பாக்க ஆசை!" என்று கைகொட்டிச் சிரித்தேன். மற்ற நாளென்றால் காதைத் திருகியிருப்பார். அன்றைக்கு, "ஓமடி குஞ்சு," என்றுவிட்டுச் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அம்மா ஒரு ஏச்சும் ஏசாமல் அவருக்குப் புட்டை அள்ளி அள்ளி வைத்தா. இவ்வளவு பிழை செய்தவருக்கு உபசாரமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்பா இல்லாமல் போனது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்த வயது. தன் அத்தானை இழந்த ஒருவர் எங்களோடு ஒரே மேசையில் இருந்து புட்டுச் சாப்பிடுகிறார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.