அர்த்தநாரி அண்ணன் பார்த்த தட்டான்

மல்லசமுத்திரம் பக்கம் எங்க சேகோ பேக்டரியில அர்த்தநாரி அண்ணன் மழைன்னு சொன்னா மழைதானுங்க. முதலாளி பாலசுந்தரம் போனுல வானிலை பாத்துக்கிட்டு நிப்பாரு. ஜவ்வரிசி காயப்போடுற களத்துல வேலை செய்யுற பொம்பளைங்க நாங்க அண்ணன் மூஞ்சியைப் பாப்போம். பாதி காஞ்ச ஜவ்வரிசி மழையில நனைஞ்சா கூழாப் போயிரும். அதனால அவர் பேச்சுக்கு அப்படியொரு மதிப்பு.

அவருக்குச் சேதி சொல்றது தட்டாம்பூச்சிங்க. கூட்டமா எறங்கி முழங்கால் ஒசரத்துல சுத்துச்சுன்னா, "அள்ளுங்க அம்மிணி"ம்பாரு. நாங்க அள்ளி மூடி நிமுர்றதுக்குள்ள சடசடன்னு ஊத்தும். மனுசனுக்கு அதுல ஒரு கர்வம். இல்லாம இருக்குமா? படிப்பில்ல, நெலமில்ல, நாள் முச்சூடும் வெயில்ல ஜவ்வரிசியைக் கிளறுற பொழப்பு. நாலு பேரு அவர் வாயைப் பாத்து நிக்கிறது இதுக்கு மட்டுந்தான்.

போன ஐப்பசியில அவர் சம்சாரம் பொன்னாயி அக்காவைச் சேலத்துல ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க. ஈரல் கெட்டுப்போச்சு. மக மோகனப்பிரியா கூட இருந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் அதுதான் போன் பண்ணுச்சு. "அப்பா, அம்மா உங்களையே கேக்குதுங்கப்பா. ஒடனே வாங்க."

அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு பேக்டரி கேட்டு வரைக்கும் போயிட்டாரு. போனவரு நின்னாரு. களத்துக் கோடியில தட்டான் கூட்டம், தரையைத் தொடுற மாதிரி பறக்குது. கெழக்க கொஞ்சம் மேகமும் இருந்துச்சு.

"அள்ளுங்க!"ன்னு கத்திக்கிட்டுத் திரும்பி வந்தாரு.

"நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கறோம்"னு முதலாளியே சொன்னாருங்க. எனக்கு வந்துச்சே கோவம்! "ஏனுங்ணா, அக்கா கூப்புடுது, இங்க நின்னு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"ன்னு கேட்டே போட்டேன். அவரு காதுல ஏறல. மறுபடியும் மக போன் வந்துச்சு. "மழை வருது சாமி, மூடிப்போட்டு வாரேன்"னு வெச்சுட்டாரு.

களம் பூரா அள்ளி மூடுனோம். மழை வரல. ஒரு சொட்டு வரல. அவரு பஸ்ஸுல பாதி வழி போறப்பவே அக்கா போயிருச்சு.

காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்கு வந்தாரு. மானத்தையும் தட்டானையும் பாக்கறதையே உட்டுட்டாரு.

தை மாசம், சுள்ளுன்னு வெயிலு. மேகம்னு ஒரு துணுக்கு இல்ல. அன்னிக்கும் அதே கோடியில தட்டானுங்க தாழப் பறந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். பழைய தார்ப்பாய்க்குப் பதிலா முதலாளி வாங்குன கருப்பு பிளாஸ்டிக் ஷீட்டு அங்க விரிச்சுக் கெடந்துச்சு. வெயில்ல கொளத்துத் தண்ணியாட்டம் மின்னுது. அதுமேல தட்டான் வாலை முக்கி முக்கி முட்டை போடுதுங்க! அக்கா போன அன்னிக்கும் புதுசா வாங்குன இந்த ஷீட்டு அங்கதான் கெடந்துச்சு.

ஓடிப்போய் அண்ணனைக் கையோட கூட்டியாந்தேன். "பாருங்ணா, மழைக்கு எறங்கல. தண்ணின்னு நெனச்சு வந்திருக்குது. தட்டானே ஏமாந்திருக்குது, நீங்க என்ன பண்ணுவீங்க?"

மனுசன் மனசு கொஞ்சம் ஆறும்னு நெனச்சேன்.

ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னாரு. ஒரு தட்டான் கொதிக்குற பிளாஸ்டிக்குல வாலை வெச்சு வெச்சு எடுத்துச்சு. "பாவம்"னாரு.

அப்புறம் சொன்னாரு: "தட்டானை யாரும் போன் போட்டுக் கூப்புடலயே, அம்மிணி. பொன்னாயி என்னையத்தான கூப்புட்டா."